ஆழ்கடல் சேற்றில் சுண்ணாம்பு கரையும் விதம்

பெருங்கடலின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்கள் கால்சியம் கார்பனேட்டால் ஓடு கட்டிக்கொள்கின்றன; அவை மடிந்ததும் ஓடுகள் கீழே இறங்குகின்றன; ஒரு குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டியதும் அவை நீரிலேயே கரைந்து மறைந்துவிடுகின்றன. கடலியலை அறிமுகப்படுத்தும் பெரும்பாலான நூல்கள் ஏறக்குறைய இவ்வாறே கூறுகின்றன. ஆழம் கூடினால் சுண்ணாம்பு கரைகிறது என்ற அளவில் இந்த விளக்கத்தில் பிழையில்லை. ஆனால் அது எங்கே கரைகிறது, எவ்வளவு காலத்தில் கரைகிறது, எதனால் கரைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த விளக்கம் தரும் விடை அரைகுறையானது. கரைதலின் பெரும்பகுதி ஓடு கீழே விழும் வழியில் நிகழ்வதில்லை. அது கடலடியை அடைந்த பின், படிவின் மேல் சில சென்டிமீட்டர்களுக்குள், நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல நிகழ்கிறது. மேலிருக்கும் நீர் சுண்ணாம்பைக் கரைக்க இயலாத இடங்களில்கூட, சேறு தானே அமிலத்தை உண்டாக்கிக்கொண்டு தன்னிடமுள்ள சுண்ணாம்பைக் கரைக்கிறது.

கீழே விழுவது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளும், கொக்கோலித்தோஃபோர் என்ற நுண்பாசிகளும் கால்சைட் என்ற படிக வடிவில் ஓடு செய்கின்றன. முன்னவற்றின் ஓடு மணல் துகள் அளவுக்கு இருக்கும். பின்னவற்றின் தகடுகள் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே இருக்கும். டெரோபாடு எனப்படும் மிதக்கும் சிறு நத்தைகளின் ஓடு அரகோனைட் என்ற இன்னொரு வடிவத்தால் ஆனது. அரகோனைட்டின் கரைதிறன் கால்சைட்டினுடையதைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்பதால், அது மிகக் குறைந்த ஆழத்திலேயே படிவிலிருந்து காணாமல் போய்விடுகிறது. ஆகவே ஆழ்கடல் சேற்றைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கால்சைட்டைப் பற்றியதே.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரித்தானியக் கப்பல் கொண்டுவந்த மாதிரிகளை ஆராய்ந்து, ஜான் மரேயும் ஆல்ஃபோன்ஸ் ரெனாரும் 1891இல் ஆழ்கடல் படிவுகள் பற்றிய அறிக்கையை வெளியிட்டனர். குறைந்த ஆழங்களில் எடுத்த சேறு வெளிர் நிறத்தில் ஃபோராமினிஃபெரா ஓடுகள் நிறைந்ததாகவும், மிக ஆழத்தில் எடுத்தது சுண்ணாம்பே இல்லாத செம்பழுப்புக் களிமண்ணாகவும் இருந்தன. மேற்பரப்பு நீரில் இரு இடங்களிலும் ஒரே வகை உயிரிகளே வாழ்ந்தன என்பதால், இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கீழேதான் இருக்க வேண்டும் என்பது அப்போதே புலப்பட்டது. கடலடி மலைத்தொடர்களின் உச்சியில் வெண்மையும் பள்ளங்களில் பழுப்பும் படிந்திருக்கும் இந்த நிலையைக் கடலியலாளர்கள் இமயம் போன்ற மலைகளின் பனிக்கோட்டோடு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்புமை அவர்களில் பலர் கருதியதைவிடப் பொருத்தமானது. பனிக்கோடு என்பது வெப்பநிலை பூஜ்ஜியமாகும் உயரம் அன்று. விழும் பனியும் உருகும் பனியும் சமமாகும் உயரம். கடலடியிலும் அத்தகைய ஒரு சமநிலைக் கோடுதான் உண்டு.

வேதியியலைக் கவனிப்போம். கால்சியம் அயனியின் செறிவையும் கார்பனேட் அயனியின் செறிவையும் பெருக்கி வரும் எண், கரைதிறன் பெருக்கம் என்ற வரம்பைத் தாண்டினால் நீர் தெவிட்டிய நிலையைக் கடந்துள்ளது என்று பொருள். அங்கே கால்சைட் கரையாது. வரம்புக்குக் கீழே இருந்தால் கரையும். கடல்நீரில் கால்சியம் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 10 மில்லிமோல் என எங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருப்பதால், முடிவைத் தீர்மானிப்பது கார்பனேட் அயனிதான். வெப்பமண்டல மேற்பரப்பில் அது கிலோகிராமுக்கு 200 மைக்ரோமோலுக்கு மேல் இருக்கிறது. அங்கே கால்சைட் கரையாமலிருக்கத் தேவைப்படுவதோ 40 மைக்ரோமோலை ஒட்டிய அளவே. ஆழத்தில் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. தேவைப்படும் அளவு கூடுகிறது. இருக்கும் அளவு குறைகிறது.

தேவை கூடுவதற்கு முதன்மைக் காரணம் அழுத்தம். திண்மமாக இருக்கும் கால்சைட்டைவிட, கரைந்து அயனிகளாகி நீர் மூலக்கூறுகளைத் தம்மை நோக்கி இறுக்கிக்கொள்ளும் நிலையில் மொத்தக் கன அளவு குறைகிறது. ஆகவே அழுத்தம் கரைதலுக்குச் சாதகமாக அமைகிறது. பெரும்பாலான உப்புகளுக்கு மாறாகக் கால்சைட் குளிர்ந்த நீரில் சற்று அதிகமாகக் கரையும் என்பதும் உண்மைதான், ஆனால் அழுத்தத்தோடு ஒப்பிட்டால் அதன் பங்கு சிறிது. வாலஸ் புரோக்கரும் டாரோ டாக்காஹாஷியும் 1970களின் இறுதியில் தந்த எளிய சமன்பாட்டின்படி, 4,000 மீட்டர் ஆழத்தில் தெவிட்டல் நிலைக்குத் தேவையான கார்பனேட் அயனி கிலோகிராமுக்கு சுமார் 90 மைக்ரோமோல். 3,000 மீட்டரில் அது ஏறத்தாழ 77 ஆகவும் 5,000 மீட்டரில் 105ஐ ஒட்டியும் இருக்கும்.

இருக்கும் அளவு ஏன் குறைகிறது என்பது கடல்நீரின் வயதைப் பொறுத்தது. வட அட்லாண்டிக்கில் குளிர்ந்து மூழ்கும் நீர் தெற்கே சென்று, அண்டார்டிகாவைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் போய்ச் சேர ஆயிரம் ஆண்டை ஒட்டிய காலம் ஆகிறது. வழிநெடுக மேலிருந்து விழும் கரிமப்பொருள் அதில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கிறது. அது கார்பனேட் அயனியோடு வினைபுரிந்து பைகார்பனேட்டாக மாறுகிறது. எனவே ஆழமான அட்லாண்டிக்கில் 110 மைக்ரோமோலை ஒட்டியிருக்கும் கார்பனேட், ஆழமான பசிபிக்கில் 80ஐ ஒட்டிய அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்த இரு எண்களையும் மேற்சொன்ன தேவையோடு வைத்துப் பார்த்தால், பசிபிக்கில் 3,500 மீட்டரை அடையும் முன்னரோ அதன் அருகிலோ நீர் தெவிட்டாத நிலைக்கு வந்துவிடும் என்பதும், அட்லாண்டிக்கில் அதற்கு 4,500 முதல் 5,000 மீட்டர்வரை, சில இடங்களில் அதற்கும் கீழே, இறங்க வேண்டும் என்பதும் தெரிகிறது. இரு பெருங்கடல்களின் அடித்தள நிறவேறுபாட்டை விளக்க இந்தக் கணக்கே பெருமளவு போதும்.

1966இல் வெளியான மெல்வின் பீட்டர்சனின் சோதனை இதை நேரடியாகக் காட்டியது. அவர் மெருகூட்டிய கால்சைட் உருண்டைகளை எடைபோட்டு, மத்திய பசிபிக்கில் நங்கூரமிட்ட கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் தொங்கவிட்டு, பல மாதங்களுக்குப் பின் எடுத்து மறுபடி எடைபோட்டார். ஆழத்தோடு எடையிழப்பு சீராகக் கூடவில்லை. ஏறத்தாழ 3,700 மீட்டர்வரை இழப்பு அற்பமாக இருந்து, அதற்குக் கீழே திடீரென ஏறியது. அதே கம்பியில் ஃபோராமினிஃபெரா ஓடுகளைத் தொங்கவிட்ட வுல்ஃப்கேங் பெர்கர், படிவில் ஓடுகள் சிதைவு காட்டத் தொடங்கும் ஆழத்துக்கு 1968இல் லைசோக்ளைன் என்று பெயரிட்டார். அதற்கும் கீழே, சேற்றில் சுண்ணாம்பு ஏறக்குறைய முற்றிலும் இல்லாமல் போகும் ஆழம் கார்பனேட் ஈடுசெய் ஆழம் எனப்படுகிறது. இரண்டுக்கும் இடையே பல நூறு மீட்டர் இடைவெளி உண்டு. தெவிட்டல் எல்லையில் சுண்ணாம்பு சட்டென்று மறையாமல் இவ்வளவு தூரத்துக்கு நீண்டு குறைவது ஏன் என்பதுதான் இந்தத் துறையின் சுவையான கேள்வி.

விடையின் முதல் பகுதி நேரத்தைப் பற்றியது. ஒரு ஃபோராமினிஃபெரா ஓடு நாளொன்றுக்குச் சில நூறு மீட்டர் என்ற வேகத்தில் இறங்குகிறது. 5,000 மீட்டர் கடலிலும் இரண்டொரு வாரங்களில் தரையைத் தொட்டுவிடும். தனியாக விழுந்தால் பல ஆண்டுகள் எடுக்கக்கூடிய கொக்கோலித் தகடுகளும், விலங்கு மிதவைகளின் கழிவு உருண்டைகளிலும் பிசுபிசுப்பான திரள்களிலும் சிக்கிக்கொண்டு ஒரு சில வாரங்களில் வந்து சேர்கின்றன. இனி தரையைத் தொட்ட பின் நடப்பதைக் கணக்கிடுவோம். திறந்த பெருங்கடலில் படிவு சேரும் வேகம் ஆயிரம் ஆண்டுக்கு சுமார் 2 சென்டிமீட்டர். புழுக்களும் பிற உயிரினங்களும் மேல் 8 முதல் 10 சென்டிமீட்டரை ஓயாமல் கிளறிக்கொண்டே இருக்கின்றன. 8 சென்டிமீட்டர் கலவை அடுக்கில் நுழைந்த ஒரு துகள், புதைந்து அவை எட்டாத ஆழத்துக்குப் போக சராசரியாக 4,000 ஆண்டுகள் ஆகும். வரும் வழியில் வாரங்கள், வந்த பின் ஆயிரமாண்டுகள். இறங்கும் வழியில் கரைவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மேல் ஆயிரம் மீட்டருக்குள்ளேயே சிறிது கரைவதற்கான தடயங்கள் நீரின் காரத்தன்மையில் (அமிலத்தை நடுநிலையாக்கும் திறனில்; சுண்ணாம்பு கரைந்தால் இது கூடும்) தென்படுகின்றன, விலங்கு மிதவைகளின் குடலில் அது நிகழலாம் என்ற கருத்தும் உண்டு. எனினும் ஆழ்கடல் படிவின் தலைவிதியைத் தீர்மானிப்பது அந்த 4,000 ஆண்டுகள்தான்.

இரண்டாவது பகுதி வரவு செலவு பற்றியது. கார்பனேட் ஈடுசெய் ஆழம் என்பது நீரின் வேதியியல் எல்லை அன்று. மேலிருந்து விழும் சுண்ணாம்பும் அடியில் கரையும் சுண்ணாம்பும் சமமாகும் ஆழம். வரவு கூடினால், நீரின் தன்மை மாறாமலே, அந்தக் கோடு கீழே இறங்கும். மத்திய பசிபிக்கில் நிலநடுக்கோட்டை ஒட்டி, ஊட்டம் மிக்க நீர் மேலெழுவதால் உயிரிகள் செழிக்கின்றன. அங்கே அந்த ஆழம் 5,000 மீட்டரை நெருங்குகிறது. அதே பெருங்கடலின் வடபகுதியில் அது அதைவிடக் கணிசமாக மேலே நிற்கிறது.

சேற்றில் சுண்ணாம்பின் சதவீதத்தை மட்டும் பார்த்துக் கரைதலை அளக்க முயல்பவர்கள் இங்கே எளிதாக ஏமாறுகிறார்கள். 100 கிராம் படிவில் 90 கிராம் சுண்ணாம்பும் 10 கிராம் களிமண்ணும் இருப்பதாகக் கொள்வோம். களிமண் கரையாது. சுண்ணாம்பின் பங்கு 90 சதவீதத்திலிருந்து 80 சதவீதத்துக்கு இறங்க வேண்டுமானால், அந்த 10 கிராம் களிமண் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காக ஆக வேண்டும். அதாவது மொத்தம் 50 கிராமாகக் குறைய வேண்டும். மிஞ்சும் சுண்ணாம்பு 40 கிராம். கரைந்தது 50 கிராம். சதவீதத்தில் பத்துப் புள்ளிகள் மட்டுமே குறைந்த இடத்தில், உண்மையில் பாதிக்கு மேல் போய்விட்டது. 95இலிருந்து 90க்கு இறங்கினாலும் கதை இதேதான். ஆகவே லைசோக்ளைனுக்கு மேலே சேறு வெண்மையாகத் தெரிகிறது என்பதற்காக அங்கே கரைதல் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. மறுபக்கம், வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் வண்டல் பெருமளவில் கலப்பதால், கரைதல் எதுவும் இல்லாமலே சுண்ணாம்பின் சதவீதம் தாழ்ந்துவிடுகிறது. அங்கே சதவீதத்தை விட்டுவிட்டு ஓடுகளின் உடைசல் விகிதத்தைப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கும்போது, நிலநடுக்கோட்டு இந்தியப் பெருங்கடலில் 3,800 மீட்டரை ஒட்டியிருக்கும் லைசோக்ளைன், விரிகுடாவின் வடக்கே போகப்போக வெகுவாக மேலேறுவது தெரிகிறது.

மூன்றாவது பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. படிவில் விழுவது சுண்ணாம்பு மட்டும் அன்று; அதோடு கரிமப்பொருளும் விழுகிறது. பாக்டீரியாக்கள் அதை ஆக்சிஜனைக் கொண்டு சிதைக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு, துகள்களுக்கு இடையே தேங்கியிருக்கும் நீரில் சேர்கிறது. அந்த நீர் கடலின் நீரோட்டத்தால் கழுவப்படுவதில்லை. மூலக்கூறுகளின் விரவல், அதாவது அவை தாமே மெல்லப் பரவுவது, மட்டுமே அங்கே போக்குவரத்து. எனவே அமிலம் சட்டென்று வெளியேற வழியில்லை. அருகிலிருக்கும் கால்சைட் துகளோடு வினைபுரிந்து, ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டைக் கரைத்து இரண்டு பைகார்பனேட் அயனிகளைத் தருகிறது. ஆழ்கடலுக்கு வந்து சேரும் கரிமக் கார்பனும் கார்பனேட் கார்பனும் ஏறத்தாழ ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதால், இந்த வினை சுண்ணாம்பின் பெரும்பங்கைக் கரைக்கும் ஆற்றல் கொண்டது. ஸ்டீவன் எமர்சனும் மைக்கேல் பெண்டரும் 1981இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியபோது, மேலிருக்கும் நீர் முற்றிலும் தெவிட்டிய நிலையில் இருந்தாலும் படிவுக்குள் கணிசமான கரைதல் நிகழ முடியும் என்பது தெளிவானது.

எங்கே சிதைவு நிகழ்கிறது என்பது இதில் நுட்பமான விஷயம். கரிமப்பொருள் படிவின் மேற்பரப்பிலேயே சிதைந்துவிட்டால், கார்பன் டை ஆக்சைடு எளிதாக மேலே உள்ள கடல்நீருக்குத் தப்பிவிடும். புழுக்கள் அதை ஓரிரு சென்டிமீட்டர் கீழே இழுத்துச் சென்ற பின் சிதைந்தால், வெளியேறும் வழியெங்கும் கால்சைட் காத்திருக்கும். ஒரே அளவு உணவு, ஒரே அளவு ஆக்சிஜன், ஆனால் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு கரைதலின் அளவை மாற்றிவிடுகிறது.

இதைக் கப்பலுக்குக் கொண்டுவந்த மாதிரியில் அளக்க முடியாது. சேற்றை 4,000 மீட்டரிலிருந்து மேலே தூக்கும்போது அழுத்தம் விலகி, வெப்பநிலை ஏறி, இடைநீரின் கார்பனேட் சமநிலை குலைந்துவிடும். எனவே 1980களில் தலைமுடி போன்ற நுனியுடைய கண்ணாடி மின்முனைகளைத் தாங்கிய இயந்திரங்களைக் கடலடியில் இறக்கி, அங்கேயே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகச் சேற்றுக்குள் செலுத்தினர். டேவிட் ஆர்ச்சர், எமர்சன், கிளேர் ரைமர்ஸ் ஆகியோர் 1989இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. இத்தகைய வரைபடத்தைப் படிப்பதே ஒரு தனி இன்பம். ஆக்சிஜன் கோடு மேற்பரப்பிலிருந்து கீழே வளைந்து இறங்குகிறது. அங்கே சிதைவு நடக்கிறது என்பதற்கு அது சாட்சி. அமிலம் கூடினால் இறங்கும் பிஎச் என்ற அளவின் கோடும் முதல் சில மில்லிமீட்டர்களில் அதோடு சேர்ந்து இறங்குகிறது. ஆனால் ஆக்சிஜன் தொடர்ந்து குறைந்துகொண்டிருக்கும்போதே பிஎச் இறங்குவதை நிறுத்திவிட்டு ஏறத்தாழ நேராக நிற்கிறது. அமிலம் உற்பத்தியாகிக்கொண்டே இருந்தும் பிஎச் மேலும் இறங்கவில்லை என்றால், அந்த அமிலத்தை உண்டுகொண்டிருப்பது கால்சைட் அன்றி வேறில்லை. இரு கோடுகளும் பிரியும் இடம், கரைதல் அமிலத்துக்கு ஈடுகொடுக்கத் தொடங்கும் இடம். அந்தப் பிரிவின் கூர்மையிலிருந்து கரைதலின் வேகத்தையும் பின்னோக்கிக் கணக்கிட முடிகிறது.

அவ்வாறு கணக்கிட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஆய்வகக் குடுவையில் அதே துகள்களைக் கரைத்தபோது கிடைத்த வேகத்தைவிடச் சேற்றில் கிடைத்த வேகம் பலமடங்கு குறைவாக இருந்தது. இன்னொரு முரணும் உண்டு. ரிச்சர்ட் ஜான்கே முதலியோர் கடலடியில் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, சேற்றிலிருந்து வெளிவரும் காரத்தன்மையை அளந்தனர். சுண்ணாம்பு மிகுந்த சில படிவுகளில், மின்முனை அளவீடுகள் எதிர்பார்க்க வைத்த அளவுக்குக் காரத்தன்மை வெளிவரவில்லை. துகள்களின் மேற்பரப்பில் அயனிப் பரிமாற்றம் அமிலத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கங்களுள் ஒன்று. இந்த வழக்கு முற்றிலும் தீர்ந்துவிட்டதாக நான் கருதவில்லை. மின்முனைத் தரவுகளின் பக்கம் சான்று கனமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

கரைதலின் வேகவிதி பற்றியும் நீண்ட விவாதம் உண்டு. நீர் தெவிட்டல் நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ, அதன் ஏதோ ஓர் அடுக்காக (இருமடி, மும்மடி என்பதுபோல்) வேகம் இருக்கும் என்பது பொதுவான வடிவம். 1980இல் ராபின் கீர் ஆய்வகச் சோதனைகளிலிருந்து அந்த அடுக்கு 4.5 என்றார். அதன் பொருள், விலகல் இருமடங்கானால் வேகம் 22 மடங்குக்கு மேல் ஏறும். பீட்டர்சன் கண்ட திடீர் ஏற்றத்துக்கு அது பொருந்திவந்தது. 1997இல் பர்க் ஹேல்ஸும் எமர்சனும் அதே தரவைத் திருத்திய கரைதிறன் எண்களோடு மறுபடி ஆராய்ந்து, அடுக்கு ஒன்றை ஒட்டியே இருக்கலாம் என்றனர். பின்னர் ஆடம் சுபாசும் ஜெஸ் ஆட்கின்ஸ் குழுவினரும் கார்பன்-13 ஐசோடோப்பால் அடையாளமிட்ட கால்சைட்டைக் கடல்நீரில் கரைத்து, கரைந்து வெளிவரும் அடையாளத்தை எண்ணும் முறையைக் கையாண்டனர். சமநிலைக்கு மிக அருகிலும் அளக்கக்கூடிய இந்த முறை, ஒற்றை அடுக்கால் எதையும் விளக்க முடியாது என்று காட்டியது. நீர் தெவிட்டலிலிருந்து சற்றே விலகியிருக்கும்போது படிகத்தின் ஏற்கெனவே உள்ள படி விளிம்புகளிலிருந்து மட்டும் அயனிகள் மெல்லக் கழல்கின்றன. விலகல் ஓர் அளவைத் தாண்டியதும் பரப்பில் புதிய குழிகள் தோன்றி வேகம் ஏறுகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, நம் இரத்தத்திலும் உள்ளது, இந்தக் கரைதலை விரைவுபடுத்துகிறது என்பதும் அவர்களுடைய கண்டுபிடிப்பே.

இவை அனைத்துக்கும் மேலே இன்னொரு தடை உண்டு. கடலடியில் நீரோட்டம் சேற்றைத் தொடும் இடத்தில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள நீர்ப்படலம் அசையாமல் ஒட்டியிருக்கிறது. கரைந்த அயனிகள் வெளியேற இந்தப் படலத்தை விரவலால் மட்டுமே கடக்க வேண்டும். சுண்ணாம்பு ஏராளமாக உள்ள சேற்றில், துகளின் வினைவேகத்தைவிட இந்தப் படலமே முழு நிகழ்வையும் கட்டுப்படுத்துகிறது என்று பெர்னார்ட் புட்ரோவும் ஆலிவியே சுல்பிசும் வாதிடுகிறார்கள். அப்படியானால் நீரோட்டம் வலுத்துப் படலம் மெலியும் இடங்களில் கரைதல் கூடும். படிகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த துறையில், அடித்தள நீரோட்டத்தின் வேகமும் கணக்கில் நுழைந்தது இப்படித்தான்.

கரைதல் எல்லா ஓடுகளையும் ஒரேபோல் தொடுவதில்லை என்பதால், பழங்காலக் கடலின் வெப்பநிலையை ஓடுகளிலிருந்து படிப்பவர்களுக்கு இது தலைவலி. வெதுவெதுப்பான மேல்நீரில் வாழும் குளோபிஜெரினாய்டஸ் ரூபர் போன்ற மெல்லிய ஓடுகள் முதலில் போகின்றன. ஆழத்தில் வளரும் குளோபோரோட்டாலியா டுமிடா போன்ற தடித்த ஓடுகள் கடைசிவரை நிற்கின்றன. இவ்வாறு வடிகட்டப்பட்ட கூட்டத்தை எண்ணினால் கடல் உண்மையில் இருந்ததைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும். ஓட்டிலுள்ள மக்னீசியம் மிகுந்த பகுதிகள் முதலில் கரைவதால், மக்னீசியம் கால்சியம் விகிதத்தை வெப்பமானியாகப் பயன்படுத்துபவர்களும் அதே திசையில் தவறுகிறார்கள். சுண்ணாம்பு முழுதும் கரைந்த இடத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஈடுசெய் ஆழத்துக்குக் கீழே, மத்திய இந்தியப் பெருங்கடல் படுகையில், படிவு மிக மெதுவாகச் சேர்வதால்தான் மாங்கனீசு முண்டுகள் (உலோகம் செறிந்த கட்டிகள்) புதையாமல் மேலேயே கிடக்கின்றன. இந்தியாவுக்கு ஆய்வுரிமை உள்ள 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பு அங்கேதான் இருக்கிறது; சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் வராகா என்ற ஊர்தியை 5,270 மீட்டர் ஆழத்தில் இயக்கிப் பார்த்ததும் அங்கேதான்.

இனி காலநிலைக்கு வருவோம். மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்றுக்கொள்கிறது. அது கார்பனேட் அயனியைத் தின்று தீர்க்கிறது. தொழிற்புரட்சிக்குப் பின் மேற்பரப்பின் பிஎச் சுமார் 0.1 குறைந்துள்ளது. இந்த நீர் ஆழத்தை எட்டும்போது கடலடிச் சுண்ணாம்பு கரைந்து, பல ஆயிரம் ஆண்டுகளில் அமிலத்தை நடுநிலையாக்கும். இது வருங்காலத்தின் கதை மட்டும் அன்று. சுல்பிசும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட கணிப்பின்படி, புதிய நீர் விரைவில் அடியை எட்டும் மேற்கு வட அட்லாண்டிக்கில், கரைதல் மிகத் தீவிரமான இடங்களில் மொத்தக் கரைதலில் 40 முதல் 100 சதவீதம்வரை மனிதன் வெளியிட்ட கார்பனால் நிகழ்கிறது. ஈடுசெய் ஆழம் அங்கே சுமார் 300 மீட்டர் மேலேறியிருக்கிறது.

இதைவிடப் பெரிய முன்நிகழ்வு 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் இயோசீன் காலங்களின் எல்லையில் நடந்தது. 2003இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் முகட்டில், வெவ்வேறு ஆழங்களில் வரிசையாகத் துளையிட்டு எடுத்த சேற்றுத் தண்டுகளில், வெண்ணிறச் சுண்ணாம்புச் சேறு கத்தியால் அறுத்ததுபோல் நின்று, செம்பழுப்புக் களிமண் தொடங்குகிறது. மேலே போகப்போக வெண்மை மெல்லத் திரும்புகிறது. ஆழமான தண்டுகளில் களிமண் அடுக்கு தடித்தும், மேட்டுப் பகுதியில் மெலிந்தும் இருந்தது. ஈடுசெய் ஆழம் 10,000 ஆண்டுக்கும் குறைந்த காலத்தில் 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்தது என்றும், பழைய நிலைக்குத் திரும்ப ஒரு லட்சம் ஆண்டுக்கு மேல் ஆனது என்றும் ஜேம்ஸ் சாகோஸ் குழுவினர் 2005இல் முடிவு கூறினர்.

அந்தக் கூர்மையான அடிவிளிம்பு நாம் நினைக்கும் அளவுக்கு நேர்மையான கடிகாரம் அன்று. கரைதல் வரவை மிஞ்சும்போது, அன்று விழும் ஓடுகள் மட்டுமல்லாமல் முன்பு புதைந்தவையும் கரைகின்றன. புழுக்கள் கீழிருந்து பழைய சுண்ணாம்பைக் கலவை அடுக்குக்குள் கொண்டுவந்துகொண்டே இருக்கும். கரையாத களிமண் அந்த அடுக்கை முழுவதும் நிரப்பும்போதுதான் இது நிற்கும். சேற்றில் ஐந்தில் ஒரு பங்கு களிமண் என்று கொண்டு, துளைவெளி, அதாவது துகள்களுக்கு இடையேயான இடத்தின் பங்கு, மாறாது என்றும் வைத்துக்கொண்டால், 8 சென்டிமீட்டர் அடுக்கைக் களிமண்ணால் நிரப்ப 40 சென்டிமீட்டர் சேறு கரைய வேண்டும். பத்தில் ஒரு பங்கே களிமண் என்றால் 80 சென்டிமீட்டர் தேவை. கடலடிச் சுண்ணாம்பு எவ்வளவு கார்பனை நடுநிலையாக்க முடியும் என்ற கேள்விக்கு மேல்வரம்பு இடுவது இந்தக் களிமண் மூடிதான். ஆயிரம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் என்ற வேகத்தில் 40 சென்டிமீட்டர் என்பது 20,000 ஆண்டுப் படிவு; வால்விஸ் முகட்டின் ஆழமான தண்டுகளில் நிகழ்வின் தொடக்கமும் அதற்கு முந்தைய சில ஆயிரம் ஆண்டுகளும் இதே முறையில் கரைந்து போயிருப்பதால், அந்தக் காலத்தைத் தேடுபவர்கள் கரைதல் குறைவாக இருந்த மேட்டுப் பகுதித் தண்டுகளையே நாட வேண்டியிருக்கிறது.